தகட்டில் கை வைக்காமல் பாட்டு: பழைய காருக்குள் புதிய ஒலியமைப்பு, முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு அம்பாசிடர் மார்க் 2 காரின் டேஷ்போர்டில் ஒரு தழும்பு இருக்கிறது. எண்பதுகளில் கேசட் பிளேயர் வைப்பதற்காக, அன்றைய வழக்கப்படி ஒரு கடையில் தகட்டை நீள்சதுரமாக வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவிக் கொடுத்தார்கள். கேசட் பிளேயர் நாலைந்து வருடங்களில் நாடாக்களைக் கடித்துத் தின்று ஓய்ந்துவிட்டது. வெட்டு மட்டும், விளிம்பில் கடற்காற்றின் துருவோடு, நாற்பது வருடமாக அங்கேயே இருக்கிறது. அதைச் சரிசெய்ய இன்றைக்கு டேஷ்போர்டு முழுவதையும் இறக்கி, தகடு ஒட்டி, பெயின்ட் அடித்தாக வேண்டும்.

ஆகவே இந்த வேலைக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். காருக்குள் எதை வைத்தாலும், ஒரு மாலைப்பொழுதில் அதைக் கழற்றி எடுத்தால் வண்டி பழையபடியே நிற்க வேண்டும். ஒரு புதிய துளையோ வெட்டோ அதன் உடம்பில் மிஞ்சக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டது. அம்பாசிடர், ஃபியட் 1100, பிரிமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய வண்டிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

சட்டப் பக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவத்திலேயே பராமரிக்கப்படும் வண்டியை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சீட்டுக்கு அடியில் கழற்றக்கூடிய ஓர் ஆம்ப்ளிஃபையர் இருப்பது இதற்குள் வராது என்றாலும், கதவுத் தகட்டை வெட்டி ஸ்பீக்கர் பதித்த வண்டியைப் பார்ப்பவர் மனத்தில், இதில் வேறு எதையெல்லாம் வெட்டினார்களோ என்ற கேள்வி எழாமல் இருக்காது.

முதல் படி: ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

வண்டியின் உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டின் முன்புறத்தைவிட அதன் பின்புறமும், பியூஸ் பெட்டியும், சீட்டைத் தூக்கிய பின் தெரியும் தரையும் முக்கியம். எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதைச் சிறு பொட்டலங்களில் போட்டு, மேலே எழுதி வையுங்கள். பழைய வண்டியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைக் கணக்கெடுப்பதும் இந்தப் படியில்தான். முன்பு யாரோ ஃபேன் மாட்டியது, சாமி படம் பொருத்தியது, ஏரியல் வைத்தது என்று குறைந்தது ஆறேழு துளைகளாவது கிடைக்கும். நமக்கு வேண்டிய ஸ்க்ரூக்கள் அனைத்தும் அவற்றில்தான் இறங்கப்போகின்றன.

பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் வயர்களின் நிறத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழுப்பு பாட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது, பச்சை சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது, ஊதா எப்போதும் உயிருடன் இருக்கும் பியூஸ் வழி, நீலமும் சிவப்பும் விளக்குகளுக்கு, கறுப்பு எர்த். இந்தக் கறுப்பு வயரில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று இன்றைய பழக்கத்தில் கை போய்விடும். ஆனால் பழைய வண்டியில் கறுப்பு என்றால் பாடியோடு சேர்ந்தது என்று மட்டுமே பொருள்; அந்தப் பாடி பாசிட்டிவாகவும் இருக்கலாம்.

இரண்டாம் படி: எர்த் எது என்று பார்த்தல்

இந்த வழிகாட்டியில் அவசரப்படாமல் வாசிக்க வேண்டிய பகுதி இதுதான். அறுபதுகளின் நடுப்பகுதி வரை, பிரிட்டிஷ் வடிவமைப்பைப் பின்பற்றிய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்று கடையில் கிடைக்கும் ஆம்ப்ளிஃபையர், புளூடூத் ரிசீவர் (போனிலிருந்து பாட்டை வயரில்லாமல் வாங்கும் கருவி), போன் சார்ஜர் எல்லாமே நெகட்டிவ் எர்த்தை நம்பிச் செய்யப்பட்டவை. வண்டியின் வருடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள். பானட்டைத் திறந்து, பாட்டரியின் எந்த முனையிலிருந்து வரும் தடித்த பட்டை பாடியில் முடிகிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு மல்டிமீட்டரை வைத்தும் உறுதி செய்யுங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முயற்சியில், ஒரு சிறிய போன் சார்ஜரின் இரண்டு வயர்களையும் பாட்டரி முனைகளில் சரியாகவே கொடுத்திருந்தேன். போனும் சார்ஜ் ஏறியது. பிறகு சார்ஜர் கேபிளின் நுனி, அந்தச் சின்ன யூஎஸ்பி உலோக மூக்கு, கைதவறி டேஷ்போர்டுத் தகட்டில் பட்டது. ‘டப்’ என்று ஒரு பொறி, பிளாஸ்டிக் கருகும் வாடை, கேபிளின் தோல் ஓரங்குலத்துக்கு உருகிச் சுருண்டது. மூக்கின் உலோக ஓடு நெகட்டிவ், டேஷ்போர்டு பாசிட்டிவ், இடையில் பியூஸ் இல்லை. மறுநாள் வண்டியைப் பார்த்த மூத்த எலெக்ட்ரீஷியன் பானட்டுக்குள் ஒரு நொடிதான் குனிந்தார். “எர்த்து மாறிக் கெடக்கு மக்கா, இதப் பாக்காம எதுக்கு கேபிள மாட்டுன?” என்றார்.

பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. பாட்டரியைக் கழற்றித் திருப்பி வைக்க வேண்டும். பாசிட்டிவ் முனை நெகட்டிவை விடத் தடிமனாக இருக்கும் என்பதால் கிளாம்புகளையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவிலிருந்து (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, பாட்டரியின் நெகட்டிவைப் பாடியில் இணைத்த பிறகு, பாட்டரியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சிறிய எஃப் முனையில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சிறு பொறி வரும். டைனமோவின் காந்தத் திசை அதில் மாறிவிடும். பிறகு வயர்களை மீண்டும் இணைத்து, இக்னிஷன் காயிலின் இரு சிறு முனை வயர்களையும், அம்மீட்டர் இருந்தால் அதன் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டரும் பல்புகளும் எந்தத் திசையானாலும் வேலை செய்யும். ஆனால் வண்டியில் மூல டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால், அது எந்த எர்த்துக்கு அமைக்கப்பட்டது என்று பார்க்காமல் மாற்றவே கூடாது. தவறான திசையில் ஒரு நொடி போதும், அதன் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

இரண்டாவது வழி, வண்டியை அப்படியே விட்டுவிட்டு, உள்ளும் வெளியும் மின்தொடர்பற்ற 12 வோல்ட் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வைப்பது. இப்போது ஆம்ப்ளிஃபையரின் உலகம் தனி. அதன் உடல், அதன் எர்த், ஸ்பீக்கர் வயர்கள் ஆகிய எதுவுமே காரின் தகட்டைத் தொடக் கூடாது; ஆம்ப்ளிஃபையரை பிளைவுட் பலகையில்தான் பொருத்த வேண்டும். காரின் ஏரியலையும் அதோடு இணைக்கக் கூடாது, ஏனெனில் ஏரியல் கேபிளின் வலையுறை பாடியோடு சேர்ந்தது. மூல ரேடியோ உயிரோடு இருக்கும் வண்டிக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ரேடியோவே இல்லாத வண்டிக்கு முதல் வழி எளிது. அதுவும் வேண்டும்போது திருப்பக்கூடியதுதான்.

மூன்றாம் படி: டைனமோவிடம் எவ்வளவு கேட்கலாம்

டைனமோவுக்குப் பதிலாக, அதைவிடக் கூடுதல் மின்சாரம் தரும் அல்டர்னேட்டர் பொருத்திய வண்டிக்காரர்கள் இப்பகுதியைத் தாண்டிவிடலாம். அந்தக் காலத்து லூகாஸ் சி40 ரக டைனமோ அதிகபட்சமாகத் தரக்கூடியது 22 ஆம்பியர், அதுவும் வண்டி ஓடும் வேகத்தில். மழை இரவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு 45 வாட் ஹெட்லைட்டுகளுக்கு ஏறக்குறைய 7.5 ஆம்பியர், பார்க்கிங் விளக்கு, பின்விளக்கு, மீட்டர் விளக்குக்கு 2, இக்னிஷனுக்கு 3 அல்லது 4, வைப்பருக்கு 2 அல்லது 3. ஆக 15, 16 ஆம்பியர் போய்விடும். மிச்சம் ஆறு. எங்கள் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது டைனமோ தருவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. எல்லாமே பாட்டரியிலிருந்துதான் போகும். இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டத்தில் இந்த மழை இரவுக் கணக்கு ஆண்டில் பல மாதங்களுக்குப் பொருந்தும்.

எனவே சராசரியாக 3 ஆம்பியருக்கு மேல் இழுக்காத ஒலியமைப்புதான் நமக்கு ஏற்றது. ‘கிளாஸ் டி’ வகை ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள். பழைய வகை ஆம்ப்ளிஃபையர் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை வெப்பமாக வீணடிக்கும். கிளாஸ் டி வகை 80 முதல் 90 சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும். அளவில் கைக்கடக்கமாகவும் இருக்கும். அட்டையில் அச்சடித்திருக்கும் வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். 12 வோல்ட்டில், உள்ளே வோல்டேஜை உயர்த்தும் ஏற்பாடு இல்லாத எந்தச் சாதனமும் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுக்க முடிவது ஒரு சேனலுக்கு 18, 20 வாட்தான். மேலே 50 என்றும் 60 என்றும் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. அந்த 20 வாட்டும், கண்ணாடி ஏற்றிய ஓர் அம்பாசிடருக்குள் தாராளம்.

நான்காம் படி: மின்சாரம் எடுக்கும் விதம்

பழைய பியூஸ் பெட்டியில் பெரும்பாலும் இரண்டே பியூஸ்கள்தான் இருக்கும். அவற்றின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றாதீர்கள். ஐம்பது வருடத்து வயர் தோல் அதைத் தாங்காது. பாட்டரியிலிருந்து தனியாக ஒரு வயர் எடுங்கள். பாட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றுவதற்காக வைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வயர் எங்கேயாவது தகட்டில் உரசித் தோலுரிந்தால் வண்டி தீப்பிடிக்காமல் இருப்பதற்காக.

வயர் 4 சதுர மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். 4 மீட்டர் நீளத்தில் 15 ஆம்பியர் ஓடும்போது அதில் கால் வோல்ட் அளவுக்குத்தான் இழப்பு வரும். என்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகடான ஃபயர்வாலில் புதிய துளை வேண்டாம். ஸ்பீடோமீட்டர் கேபிளோ மூல வயரிங் கட்டோ போகும் ரப்பர் புஷ்ஷின் ஓரமாகவே இதுவும் போய்விடும். மேலே, அந்தக் காலத்து வயரிங்கைப் போலவே கறுப்புத் துணி டேப்பைச் சுற்றினால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. பளபளக்கும் பிளாஸ்டிக் நெளிகுழாயைப் போட்டீர்களானால் பானட்டைத் திறந்த உடனே அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாதாரண செம்பு வயரை லக்கில் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) நசுக்கி அப்படியே விட்டால், இரண்டு மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு ஏறி, தோலுக்குள் ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கறுத்துப்போகும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள். லக்கை நசுக்கிய பின் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடி, பாட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள்.

மெயின் வயருக்கு நடுவே ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, சாவியோடு சேர்ந்து உயிர்பெறும்படி செய்யுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சும்மா இருக்கும்போதும் 50 மில்லி ஆம்பியர் குடிக்கும் ஒரு புளூடூத் ரிசீவர், 30 நாளில் 36 ஆம்பியர்-மணியைக் காலி செய்துவிடும். மாதம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியின் பாட்டரிக்கு அது சாவு மணி.

ஐந்தாம் படி: ஸ்பீக்கர் எங்கே

கதவு வேண்டவே வேண்டாம். பழைய வண்டிக் கதவின் உட்பலகை அட்டையாலும் ரெக்ஸினாலும் ஆனது. அதே நிறத்தில், அதே தையலில் ரெக்ஸின் கிடைப்பது இன்று அரிது. ஒருமுறை வெட்டியது வெட்டியதுதான்.

பின்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டுத்தான் எனக்குப் பிடித்த இடம். ஆனால் மூலத் தட்டில் வெட்டக் கூடாது. அதைக் கவனமாக எடுத்து, பிரவுன் பேப்பரை மேலே வைத்து அச்செடுங்கள். அந்த அச்சுக்கு 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் நகல் தட்டு ஒன்றைச் செய்து, ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்து, நெருக்கமான நிறத்தில் துணியோ ரெக்ஸினோ போர்த்துங்கள். ஸ்பீக்கரை நகலின் அடிப்பக்கத்தில் பொருத்தி, துணி அதன் மேலே முழுவதுமாகப் போகும்படி செய்தால், ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது. ஒலி புகும் அளவுக்கு இழை தளர்ந்த துணியாக இருந்தால் சரி. மூலத் தட்டைப் பழைய போர்வையில் சுற்றி, வீட்டில் பரணில் வையுங்கள்.

தட்டை எடுத்த கையோடு, டிக்கிக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டில் ஏற்கெனவே திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இருக்கும். ஸ்பீக்கரின் பின்புறத்துக்கு டிக்கி முழுவதும் ஒரு பெட்டியாகக் கிடைத்துவிடும்; அந்தக் கனமான அடியொலி எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்திருப்பவர்கள் தேடுவார்கள்.

முன்புறத்துக்கு 4 அங்குல ஸ்பீக்கர் இரண்டு போதும். டேஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கும் தட்டு உள்ள வண்டிகளில், அதன் இரு மூலைகளிலும் சிறிய பிளைவுட் பெட்டிகளை ரெக்ஸின் போர்த்தி, ஒரு வார்ப்பட்டையால் இறுக்கி வைக்கலாம். தட்டு இல்லாத வண்டிகளில், காலடி ஓரத்தில், கதவுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையிலுள்ள பக்கச்சுவரில், அங்கிருக்கும் அட்டைப் பலகைக்கு ஒரு நகல் செய்து அதில் பதிக்கலாம். கால் இடிக்கிறதா என்று கிளட்சை முழுவதும் மிதித்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது காகிதக் கூம்பையும் ஃபோம் ஓரத்தையும் தவிருங்கள். நம் ஈரக்காற்றில் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஃபோம் சில வருடங்களில் பொடிந்து உதிரும். பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் ஓரமும் உள்ளதைக் கேளுங்கள். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஃபோம் ஓரத்துக்குப் பணம் கொடுப்பானேன்?

இணைக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பென்சில் செல்லை எடுத்து, அதன் இரு முனைகளையும் ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பாசிட்டிவ் பட்ட முனைதான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரே திசையில் இணைக்க வேண்டும். ஒன்று மாறிவிட்டால் ஒலி கேட்கும், ஆனால் தவிலும் மிருதங்கமும் எங்கோ பக்கத்துத் தெருவில் வாசிப்பது போல மெலிந்துவிடும்.

ஒலி அதிர்வைக் குறைக்கத் தரையில் தார் பூசிய ஒட்டுத்தாள் போடச் சொல்பவர்கள் உண்டு. இந்த மாவட்டத்தில் அதைச் செய்யாதீர்கள். பழைய வண்டியில் மழைநீர் எப்படியும் எங்கேயோ உள்ளே வரும். ஒட்டுத்தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஈரம், வெளியே தெரியாமலே தரையைத் தின்றுவிடும். தூக்கி உலர்த்தக்கூடிய சணல் ஃபெல்ட்டின் மேலே ரப்பர் பாய் போட்டாலே அதிர்வு கணிசமாகக் குறையும்.

ஆறாம் படி: மூல ரேடியோவை என்ன செய்வது

அன்றைக்கு ரேடியோ பெரும்பாலும் தனியாக வாங்கிப் பொருத்திய ஆடம்பரம்; அதற்கெனத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்த காலம் அது. எனவே வண்டியில் மூல ரேடியோ இருந்தால், பாடினாலும் பாடாவிட்டாலும் அது அந்த இடத்திலேயே இருக்கட்டும். டயல் விளக்கு மட்டும் எரிந்தாலே மாலை நேரத்தில் டேஷ்போர்டுக்கு முகம் வந்துவிடும். அதன் வயிற்றை வழித்துவிட்டுப் புதிய போர்டு வைத்துத் தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது என் விதிக்குள் வராது.

நல்ல நிலையில் உள்ள டிரான்சிஸ்டர் ரேடியோவாக, அதுவும் நெகட்டிவ் எர்த் வண்டியில் இருந்தால், அதன் மூலமாகவே போனின் பாட்டைக் கேட்க ஓர் அழகான வழி உண்டு. வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையில், 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வழியாக வெளியிலிருந்து சிக்னல் கொடுக்கலாம். போனின் இடது, வலது இரண்டையும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். நேரடியாக முறுக்கிச் சேர்க்கக் கூடாது. அறுபதுகளின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை என்பதால், ஒரே ஸ்பீக்கரில் அவை குறைவுபடாமல் ஒலிக்கும். ரேடியோ மெக்கானிக் யாரேனும் இருந்தால் ஒரு மணி நேர வேலை. இரண்டு இடத்தில் ஈயத்தை உருக்கினால் பழையபடியாகிவிடும். வால்வு ரேடியோவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதற்குள் நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடக்கூடும்.

பண்பலை கேட்க வேண்டுமென்றால் மீடியம் வேவ் ரேடியோ உதவாது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கிய நாகர்கோவில் வானொலி 101 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. நெகட்டிவ் எர்த் வண்டிக்குப் பண்பலை உள்ள ஒரு ரிசீவரை வாங்கி, மூல ஏரியலையே அதற்குக் கொடுங்கள். அந்த அலைநீளத்தில் கால் பங்கு ஏறக்குறைய 74 சென்டிமீட்டர். இழுத்து நீட்டும் ஏரியலை அந்த அளவுக்கு நிறுத்தினால் நன்றாகப் பிடிக்கும். முழுவதும் நீட்டுவது மீடியம் வேவுக்கான பழக்கம். ஏரியலே இல்லாத வண்டிக்கு, மட்கார்டில் துளை போடாமல், கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டும் ஏரியல் போதும்.

ஏழாம் படி: ஆம்ப்ளிஃபையரும் ரிசீவரும் ஒளியும் இடம்

முன்சீட்டின் அடிதான் நல்ல இடம். ஆம்ப்ளிஃபையரை 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையில் பொருத்தி, பலகையைச் சீட்டின் மூல போல்ட்டுகளோடு சேர்த்து இறுக்குங்கள். தரையிலிருந்து ஓர் அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். தாழ்வான சாலைகளில் வண்டி எவ்வளவு தண்ணீரைப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். சீட்டின் ஸ்பிரிங் அழுந்தி ஆம்ப்ளிஃபையரின் முதுகில் படுகிறதா என்பதை, வீட்டில் கனமான ஆள் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள்.

புளூடூத் ரிசீவரை நான்கு பக்கமும் தகடு மூடிய இடத்தில் வைக்கக் கூடாது. அலை உள்ளே போகாது. கிளவ் பாக்ஸுக்குள், அதன் மூடி அட்டையாக இருந்தால், கச்சிதமாகப் பொருந்தும். ஒலியைக் கூட்டக் குறைக்க போனே போதும் என்பதால் வேறு எந்தப் பட்டனும் கண்ணில் பட வேண்டியதில்லை.

எட்டாம் படி: இரைச்சலைத் துரத்துதல்

என்ஜினை ஓடவிட்டுப் பாட்டைப் போட்ட உடனே ஒரு கூடுதல் பக்கவாத்தியம் சேர்ந்துகொள்ளும். பயப்பட வேண்டாம், அது எந்த வகை என்று முதலில் காதால் பிரியுங்கள். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க உயரும் ‘ஙொய்ய்’ என்ற இழுவை டைனமோவினுடையது. ‘டிக் டிக்’ என்று வேகத்தோடு கூடுவது இக்னிஷனுடையது.

ஆம்ப்ளிஃபையரில் வந்து சேரும் சிக்னல் கேபிளைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால், அது சிக்னல் வழியாக வருகிறது. கேபிளை மீண்டும் செருகி, ரிசீவருக்கு மின்சாரத்தைக் காரிலிருந்து கொடுக்காமல் ஒரு பவர் பேங்கிலிருந்து கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அமைதியாக இருந்தால் காரணம் எர்த் சுழற்சிதான், அதாவது இரண்டு சாதனங்களும் வெவ்வேறு வழிகளில் எர்த் ஆவது. நெகட்டிவ் எர்த் வண்டியில், ரிசீவரின் எர்த்தையும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தையும் பாடியில் ஒரே இடத்தில், பெயின்ட் இல்லாத மூல போல்ட் ஒன்றில் சேர்த்தால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் சிக்னல் கேபிளின் நடுவே ஒலி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் ஒன்றை வையுங்கள்.

கேபிளைப் பிடுங்கியும் இரைச்சல் நிற்கவில்லை என்றால், பானட்டுக்குள் போக வேண்டும். 1 மைக்ரோஃபாரட் சப்ரெசர் கபாசிட்டர் ஒன்றை டைனமோவின் பெரிய டி முனையிலும், இன்னொன்றை இக்னிஷன் காயிலின் சாவிப் பக்க முனையிலும், இரண்டின் உடலும் எர்த்தில் படும்படி, ஏற்கெனவே உள்ள ஸ்க்ரூக்களிலேயே மாட்டுங்கள். டைனமோவின் எஃப் முனையில் கபாசிட்டர் வைத்தால் வோல்டேஜ் ரெகுலேட்டரின் தொடுமுனைகள் கருகும்; காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். பிளக் மூடிகளை 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளதாக மாற்றுவதும், பானட்டுக்கும் பாடிக்கும் இடையில் ஒரு பின்னல் எர்த் பட்டை கொடுப்பதும் மிச்சத்தைத் தீர்க்கும்.

ஒன்பதாம் படி: சுருதி சேர்த்தல்

ஆம்ப்ளிஃபையரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதி இருந்தால் முன் ஸ்பீக்கர்களுக்கு அதைப் போடுங்கள்; சின்னக் கூம்புகள் தாங்காத வேலையிலிருந்து விடுபடும். ‘கெயின்’ திருகியை வால்யூம் என்று நினைத்து முழுவதும் திருப்பாதீர்கள். போனில் முக்கால் பங்கு ஒலி வைத்து, பாட்டு உடையாத எல்லை வரை மட்டும் மெல்லத் திருப்பி நிறுத்துங்கள்.

வீட்டு வாசலில் நன்றாக இருப்பது சாலையில் இருக்காது. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வரை ஒரு நடை போய் வாருங்கள். கணவாய்க் காற்று கதவிடுக்குகளில் ஊளையிடும் அந்த இடத்தில், கண்ணாடியை ஏற்றிய நிலையில் பாட்டின் வரிகள் புரிந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது. புரியாவிட்டால் ஆம்ப்ளிஃபையரை மாற்ற ஓடாதீர்கள். கதவு ரப்பரை மாற்றுங்கள். அது மூலத்தன்மைக்கும் நல்லது.

கடைசியாகச் சில

போட்ட வயரிங்கை ஒரு தாளில் வரைந்து, எந்த நிறம் எங்கே போகிறது, பியூஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தமிழிலேயே எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு எலெக்ட்ரீஷியன் குனிந்து பார்க்கும்போது வைய மாட்டார். இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்த மின் உபகரணங்களைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் திருட்டுப் போனாலும் கணக்கில் வராது.

முதல் மாதம் முடிந்ததும், அரை மணி நேரம் பாட்டை ஓடவிட்டு, பியூஸ் ஹோல்டரையும் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கே லக் சரியாக நசுங்கவில்லை. அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகு, இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்குவதற்கு முன்பு ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன்பு ஒருமுறையும் அதே விரல் சோதனை.